வாய் சிறுத்ததும் குண்டு பருத்ததும்

அநியாயம் நடந்தது இசக்கியம்மாளுக்கு. செய்தவர் அவளுடைய நெறியாளர் திரவியம் சார். வெயிலில் நின்று நின்று அவள் கண்டுபிடித்த ஒன்றை அவள் கையாலேயே அழிக்கவைத்தார். அது இருந்த இடத்தில், தான் பல வருஷத்துக்கு முன்னால் புத்தகத்தில் எழுதிய பொய்யை (பொய் என்று சொல்லக் கூடாதாம், முந்தைய கருத்து என்று சொல்ல வேண்டுமாம்) அவள் கையாலேயே தட்டச்சு செய்யவைத்தார். செய்யாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்து கிடையாது. விஷயம் இவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லுவதற்கு இந்த அறையில் யாருக்கும் வாய் இல்லை, இதுவரை எனக்கும் இல்லை. அதனால்தான் வரலாற்றுத் துறைக் கருத்தரங்கக் கூடத்தில் மின்விசிறி எட்டாத ஒரு நாற்காலியில், வேர்வையில் ஊறிய துண்டுச் சீட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே மேடையில் இசக்கி. இன்று அவளுக்கு முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. பொது என்றால் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விதி. பொதுமக்களாக இசக்கியின் அம்மா வந்திருக்கிறார், முன் வரிசையில், மடியில் மாலைப் பையோடு. பீடி சுற்றுகிறவர். கையில் இலையும் தூளும் இல்லாத இந்த நேரத்திலும் அவருடைய விரல்கள் தானாகவே எதையோ சுருட்டிச் சுருட்டி மடக்குகின்றன. பின்னால் சாப்பாட்டுப் பாத்திரங்கள், கேசரி வாசனை, தேர்வாளருக்குப் போர்த்தப் பொன்னாடை. எல்லாம் தயார். கேள்விகளும் தயார். பொதுமக்கள் எதையும் கேட்கமாட்டார்கள் என்பதால் கேள்வியையும் நாங்களே செய்துகொள்வதுதான் எங்கள் துறையில் வழக்கம். நெறியாளர் காலையிலேயே சீட்டு எழுதி ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவார், அவரவர் முறை வரும்போது அப்போதுதான் தோன்றிய மாதிரி எழுந்து கேட்க வேண்டும். பதிலையும் அவரே சொல்லிக்கொடுத்திருப்பார். நான் இவருடைய மாணவி இல்லை, வேறொரு பேராசிரியரிடம் பதிவு செய்தவள், ஆனாலும் ஆள் பற்றவில்லை என்று என் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டார். கனி, நீ நல்லா சத்தமா பேசுவ, கடைசிக் கேள்வி உனக்கு என்று சிரித்தார். என் சீட்டில் இருப்பது: இந்த ஆய்வினால் சமுதாயத்திற்கு விளையும் பயன் யாது? யாது. இந்த யாதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுற்றுலா வளரும் என்பது இதற்கான பதில். சுற்றுலா வளருமாம், இசக்கி ஆராய்ந்த பழைய பீரங்கியைப் பார்க்க பஸ் பிடித்து வருவார்களாம்.

திரையில் இப்போது பீரங்கி வருகிறது. இரண்டாவது இயல் முடிந்து மூன்றாவது தொடங்குகிறது என்று அர்த்தம், அழிக்கவைத்தது இந்த இயலில்தான். பாளையங்கோட்டைப் பக்கம் வருகிறவர்கள் பார்த்திருக்கலாம், ஒரு சின்னப் பூங்கா, கம்பி வேலிக்குள் சிமென்ட் மேடை, அதன்மேல் சக்கரத்தோடு ஒரு பீரங்கி, முன்னால் கேடயத் தகடு, இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்கிற மாதிரி சிமென்ட்டில் இடுப்புவரை புதைத்து நட்ட இரண்டு குண்டுகள். வருஷா வருஷம் குடியரசு தினத்துக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளிப் பெயின்ட் அடிக்கிறார்கள். சக்கரம், கேடயம், குழாய், குண்டு, வேலி, சில வருஷம் பக்கத்து வேப்பமரத்தின் அடிப்பாகத்துக்கும். முதல் உலகப் போரில் தோற்றவர்களிடமிருந்து பிடித்த பீரங்கிகளை வெள்ளைக்காரன் தன் ஆளுகையில் இருந்த ஊர்களுக்கெல்லாம் பங்கு வைத்தான், ஆள் அனுப்பிச் சண்டை போட்டீர்களே, இந்தாருங்கள் பிரசாதம் என்கிற மாதிரி. இசக்கியின் ஆய்வே அதைப் பற்றித்தான், தமிழ்நாட்டுக்கு வந்த போர்ச் சின்னங்கள். அவளுக்குத் துணையாகக் குடை பிடிக்கத்தான் நான் போனேன். அவள் விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அன்னாசிப்பழக் காந்தத்தைக் கொண்டுவந்திருந்தாள். கேடயத்தில் வைத்தாள், சக்கென்று ஒட்டியது. சக்கரப் பட்டையில் ஒட்டியது. குழாயில் வைத்தாள், விழுந்தது. மறுபடி வைத்தாள், விழுந்தது. சும்மா விழுந்ததை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள், பைத்தியமாட்டி உனக்கு என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்த முகம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது, வெயிலில் சுருங்கிய கண்ணோடு ஒரு சிரிப்பு. கனி, இது இரும்பே இல்ல பிள்ள, வெங்கலம்.

வெண்கலமாக இருந்தால்தான் என்ன என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது, கேட்டேன், வாதாடினேன், வாதாடாமல் நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் எஃகுக் குழாய்க்கு மாறிப் போன பிறகும் ஆஸ்திரிய ஹங்கேரிக்காரர்கள் வெண்கலத்தை விடவில்லை. எஃகு வெண்கலம் என்று அதற்குப் பெயரே உண்டு, பெயரில்தான் எஃகு, உள்ளே துளி எஃகு கிடையாது, குழாயின் உட்புறத்தை அழுத்தி நசுக்கி இறுக்கி எஃகு மாதிரி உறுதியாக்குவது. திரவியம் சாரின் புத்தகத்தில் இது ஜெர்மன் பீரங்கி, ஜெர்மன் என்றால் எஃகு, காந்தம் ஒட்டும். இதில் ஒட்டவில்லை. சரி, ஒரு காந்தத்தை வைத்து நாட்டையே மாற்றலாமா என்றேன். அவள் அதற்கும் தயாராக இருந்தாள், இயற்பியல் துறையில் கெஞ்சி உள்விட்டம் அளக்கிற கருவி வாங்கியிருந்தாள். ஜெர்மன்காரனின் களப் பீரங்கிக்கு வாய் எழுபத்தேழு மில்லிமீட்டர். ஆஸ்திரியக்காரன் தன்னுடையதற்கு எட்டு சென்டிமீட்டர் என்று பெயர் வைத்துவிட்டு எழுபத்தாறரைதான் துளைத்திருக்கிறான். வித்தியாசம் அரை மில்லிமீட்டர், ஒரு நகத்தின் கனம். அந்த அரை மில்லிமீட்டரில்தான் இசக்கியின் ஒரு வருஷம் கிடந்தது. வாயில் அளந்தால் எழுபத்தைந்துகூட வரவில்லை, பெயின்ட், வருஷா வருஷம் அடித்த பெயின்ட் உதட்டைச் சுற்றித் தடித்துப் போயிருந்தது. ஆனால் பெயின்ட் அடிக்கிற ஆளின் கை எவ்வளவு தூரம் போகும், மணிக்கட்டுவரை, அதற்குமேல் அவருக்கென்ன தலையெழுத்தா. இசக்கி முழங்கைவரை விட்டாள். உள்ளே குளவிக் கூடு இருந்தது, அதை ஒரு குச்சியால் பெயர்த்துவிட்டு, குழாய்க்குள் சுழன்று ஓடுகிற வரிகளில் மேடு எது பள்ளம் எது என்று விரலால் தடவி, மேட்டுக்கு மேடு வைத்து அளந்தாள். பள்ளத்தில் வைத்தால் கூடுதலாகக் காட்டும், பீரங்கியின் அளவு என்பது மேட்டுக்கு மேடு. எழுபத்தாறரை. கருவியை என்னிடம் நீட்டினாள், நீ பாரு, நான் பாத்தா எனக்குப் பிடிச்சதுதான் தெரியும். பார்த்தேன். எழுபத்தாறரை. பிறகு வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து, பின்பக்கம் தரையில் ஊன்றுகிற நீண்ட கட்டையைக் காட்டினாள். இந்த ரகத்தில் வழக்கமாக அது முழுசாக இருக்குமாம். இதில் நடுவே வெட்டி இடம் விட்டிருக்கிறார்கள், குழாயின் பின்பக்கம் அதற்குள் இறங்கினால் முன்வாய் இன்னும் மேலே நிமிரும். பட்டாளத்துக்கு மொத்தமாகச் செய்து கொடுத்த வண்டி இல்லை இது, சரிவருமா என்று பார்க்கச் செய்த சோதனை வண்டி என்றாள். அது எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன். துருக்கிக்காரர்களுக்குத் துணையாகப் பாலஸ்தீனத்தில் ஆஸ்திரியப் பட்டாளமும் நின்றது, நம்ம ஊர்க்காரர்களும் அங்கே வெள்ளைக்காரன் பக்கம் நின்றார்கள், அதற்குமேல் தெரியாது என்றாள். ஆய்வேட்டிலும் அப்படியே எழுதினாள், இதற்குமேல் அறியக்கூடவில்லை என்று. அந்த வரியையும் திரவியம் சார் சிவப்பு மையால் அடித்தார். ஆராய்ச்சியாளர் தெரியாது என்று எழுதக் கூடாதாம்.

அவர் சொன்ன மறுப்பை நான் மறக்கமாட்டேன். துறைக் கருத்தரங்கில், எல்லோரும் இருக்கும்போது, அந்த அன்னாசிப்பழத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யுத்தத்தை இனிமே அடுப்படியில வச்சே தீர்மானிச்சுரலாம் போலிருக்கே என்றார். சிரித்தார்கள். காந்தம் ஒட்டாததற்குப் பெயின்ட்தான் காரணம் என்றார். கேடயத்திலும் அதே பெயின்ட், அங்கே ஒட்டுகிறதே என்று நான் எழுந்து கேட்டேன், ஆராய்ச்சி உன்னுதாம்மா, அவளுதா என்று கேட்டு உட்காரவைத்தார். வாயில் அவரும் ஒரு காலத்தில் அளந்திருக்கிறார், எழுபத்தைந்துதான் வந்திருக்கிறது, பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் என்று மனசாலேயே கூட்டி எழுபத்தேழு ஆக்கி, ஜெர்மன் என்று புத்தகம் போட்டுவிட்டார். அடுத்தது குண்டுகள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அந்த இரண்டு குண்டும் பீரங்கியோடு வந்தவையே இல்லை, பதினெட்டுப் பவுண்டர் என்கிற ஆங்கிலேயப் பீரங்கியின் குண்டுகள், அலங்காரத்துக்காக யாரோ பின்னால் கொண்டுவந்து நட்டது, விட்டம் எண்பத்துநாலுக்குச் சற்றுக் குறைவு. இசக்கி அளந்தபோது பெயின்ட்டோடு எண்பத்தாறு காட்டியது. குண்டு பீரங்கியின் வாயைவிடப் பருமனாக இருக்கிறதே சார் என்று மெதுவாகக் கேட்டாள். பெயின்ட் ஏறி ஏறிப் பருத்துட்டும்மா என்றார். வாய் சிறுத்ததும் பெயின்ட்டால், குண்டு பருத்ததும் பெயின்ட்டால். இந்த உலகத்தில் பெயின்ட் செய்யாதது எதுவும் இல்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் உண்மையான காரணம். பூங்காவில் அவர் பெயரோடு, கலெக்டர் திறந்துவைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஜெர்மானியப் பீரங்கியும் அதன் குண்டுகளும் என்று. கல்லுல வெட்டியாச்சும்மா, இனிமே அது ஜெர்மன்தான். இதைச் சிரிப்புக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியவில்லை, நிஜமாகத்தான் என்று நினைக்கிறேன், நிஜமாகச் சொல்லும்போதுதான் அவர் அவ்வளவு அன்பாகச் சொல்லுவார்.

இப்போது இசக்கி அந்தக் கல்வெட்டின் படத்தைத் திரையில் காட்டி, எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்கிறாள். ஜெர்மானியப் பீரங்கி என்று அவள் வாயால். குரலில் ஒன்றும் இல்லை, ரேஷன் கடையில் அட்டை எண் வாசிக்கிற குரல். வெளித்தேர்வாளராக வந்திருக்கிற லோகாம்பாள் மேடம் ஆய்வேட்டின் பக்கங்களை வேகமாகப் புரட்டுகிறார், மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டுமாம், வந்ததிலிருந்து இரண்டு முறை சொல்லிவிட்டார். திரவியம் சார் கண்ணை மூடித் தலையாட்டுகிறார், கச்சேரி கேட்கிற மாதிரி. என் சீட்டின் பின்பக்கத்தில் வேறு கேள்வி எழுதியிருக்கிறேன். காலையில் பஸ்ஸிலேயே எழுதினேன், குலுக்கலில் எழுத்து கோணல்: குழாயில் காந்தம் ஒட்டாத பீரங்கி எப்படி ஜெர்மன் பீரங்கி ஆகும்? அவ்வளவுதான். பொது வாய்மொழித் தேர்வு, நானும் பொதுமக்கள், விதி என் பக்கம். கைப்பையில் அன்னாசிப்பழம் வேறு இருக்கிறது, சாவிக்கொத்தோடு ஒட்டிக்கொண்டு, நான் அசையும்போதெல்லாம் கிணுங்குகிறது. எழுந்து கேட்டால் என்ன ஆகும். லோகாம்பாள் மேடம் நிமிர்ந்து பார்ப்பார். திரவியம் சார் கண்ணைத் திறப்பார். எல்லாரும் இசக்கியைப் பார்ப்பார்கள். அங்கேதான், சரியாக அந்த இடத்தில்தான், ஒவ்வொரு தடவையும் என் நினைப்பு போய் முட்டி நிற்கிறது, எல்லாரும் இசக்கியைப் பார்ப்பார்கள். காலையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று தன் சேலை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டே அவள் கேட்டாள், குனிந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல். நீ கேக்கத்தான் போற, எனக்குத் தெரியும். கேட்டா நான் என்ன சொல்லணும்னு யோசிச்சியா? உண்மையைச் சொல்லு என்றேன், சட்டென்று, பெருமையாகவே. உண்மை எனக்குத் தெரியும்டி, நீயா சொல்லித் தரணும் என்றாள். தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருக்கிறது, இன்றைக்கு இந்த மேடம் தகுதி என்று எழுதினால் சேரலாம். எழுதாவிட்டால், திருத்திக்கொண்டு வா என்று சொன்னால், திருத்துவதற்கும் திரவியம் சார் கையெழுத்துத்தான் வேண்டும். அந்தக் கையெழுத்து எந்தக் காலத்தில் வரும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், மாலைப் பையோடு உட்கார்ந்திருக்கிற அவளுடைய அம்மாவுக்குத்தான் தெரியாது. ஊக்கு அவள் விரலில் குத்திவிட்டது. இரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு, அம்மா கேசரில நெய்ய அள்ளிக் கொட்டியிருக்கா, மேடத்துக்கு சுகரு இருக்கோ என்னவோ என்றாள். பேச்சு முடிந்துவிட்டது.

வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம், நான் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவள் முனைவர் ஆவாள், தூத்துக்குடி போவாள், பீரங்கி ஜெர்மனாகவே இருக்கும், அடுத்த குடியரசு தினத்துக்கு இன்னொரு பூச்சு. அதனால் யாருக்கு நஷ்டம். ஆஸ்திரியா ஹங்கேரி என்று ஒரு நாடே இப்போது இல்லை, வந்து வழக்கு போடப்போவதில்லை. நஷ்டம் இல்லை என்றால் சீட்டின் பின்பக்கத்தில் நான் ஏன் எழுதினேன். சரி, கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். அவள் ஒன்று, ஆமாம், நான் தப்பாக எழுதினேன் என்று சொல்ல வேண்டும், வேலை போகும். அல்லது, அது ஜெர்மன்தான் என்று சொல்ல வேண்டும், எனக்கு முன்னாலேயே, குழாய்க்குள் கை விட்ட அந்தக் கையோடு. இரண்டில் எதைச் சொன்னாலும் சொல்லவைத்தது நான். அவள் கையால் தட்டச்சு செய்யவைத்தார் என்று அவர்மேல் நான் கோபப்படுகிறேன், சரி, அவள் வாயால் சொல்லவைக்கப் போகிறவள் யார். இல்லை, இது வேறு, அவர் செய்தது பொய்க்கு, நான் செய்வது உண்மைக்கு. வேறா? வேறுதான். வேறுதானா? கேடயத்தில் ஒட்டும், குழாயில் ஒட்டாது, பெயின்ட் ஒன்றுதான். மின்விசிறி எனக்கு எட்டவில்லை. ப்ரொஜெக்டரின் சூடான காற்றில் தூசி பொரிகிற வாசனை. இசக்கி நன்றி கூறி முடித்துவிட்டாள், கைதட்டுகிறார்கள், அவளுடைய அம்மா ஒரு நொடி தாமதமாகத் தொடங்கி ஒரு நொடி தாமதமாக நிறுத்துகிறார். அவையினர் வினா எழுப்பலாம் என்கிறார் திரவியம் சார். முதல் சீட்டு எழுந்து கேட்கிறது, அடுத்தது கேட்கிறது, மனப்பாடக் கேள்விக்கு மனப்பாடப் பதில், லோகாம்பாள் மேடம் கடிகாரத்தைப் பார்த்துப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார். திரவியம் சார் என்னைப் பார்க்கிறார். எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் பைக்குள் சாவி கிணுங்கியது, இசக்கிக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும், அவள் முகம் மாறவில்லை, பேச்சு மேசையின் விளிம்பில் கட்டைவிரலை மட்டும் அழுத்திக்கொண்டாள், ஊக்கு குத்திய விரல். சீட்டில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறேன். கோணல் எழுத்து. என் எழுத்து. அதைத் திருப்பினேன்.

இந்த ஆய்வினால் சமுதாயத்திற்கு விளையும் பயன் யாது என்று கேட்டேன். சத்தம் வரவில்லை, சத்தமா பேசுகிற கனிக்குச் சத்தம் வரவில்லை, சொல்லித்தந்த பதிலுக்கு ஏற்ற மாதிரித் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார் திரவியம் சார். உட்கார்ந்தேன். இனி சுற்றுலா வளரும், பிறகு கேசரி. நான் தோற்றுவிட்டேனா, தெரியவில்லை, தோற்பதற்கு என்ன இருந்தது, பீரங்கி என்னுடையது இல்லையே. இசக்கி டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். என்னைப் பார்த்தாள், கருவியை என்னிடம் நீட்டியபோது பார்த்த அதே பார்வை. அப்புறம் தேர்வாளரிடம் திரும்பி, ஏடு வாசித்த குரல் இல்லை, அவளுடைய சொந்தக் குரலில் பேசத் தொடங்கினாள். பயன் ஒன்று இருக்கிறது மேடம், இந்த மாதிரி ஒரு பொருளுக்கு அடுத்த தடவை பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், கல்வெட்டு வைப்பதற்கு முன்னால், யாராவது ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்றாள். நான் வைத்துப் பார்த்தேன் மேடம், குழாயில் ஒட்டவில்லை, உள்ளே எழுபத்தாறரைதான் இருக்கிறது, வண்டி சோதனைக்காகச் செய்தது, ஆஸ்திரிய ஹங்கேரிப் பீரங்கி என்றாள். லோகாம்பாள் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். ரயில் அவருக்கு மறந்துபோனது முகத்தில் தெரிந்தது. மூன்றாவது இயலைத் தேடி எடுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஜெர்மன்னு இங்க நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"நான்தான் எழுதுனேன் மேடம். அது தப்பு."

 முன் வரிசையில் சுருட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. திரவியம் சார் நாற்காலியின் நுனிக்கு வந்து, மேடத்தைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"பிள்ளை பதட்டத்துல சொல்லுதா மேடம். அதுல வருஷா வருஷம் பெயின்ட் அடிக்காங்க, அளவெல்லாம் அதனால..."

இசக்கி அவர் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை. கடையில் மீதி சரியாக இல்லை என்று எடுத்துச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள்.

"பெயின்ட்டைச் சுத்தமா சுரண்டிட்டே பாப்போம் சார். அந்தக் குண்டு இந்தப் பீரங்கிக்குள்ள போகாது."